பாதி ஆழம்

வாங்க, உள்ள வாங்க. நவநீதன் விசயமா வந்திருக்கறதா வாசல்லயே சொல்லிட்டீங்க, நல்லதுங்க. பொண்ணு குடுக்கறவங்க நாலு பேர்கிட்ட விசாரிக்கத்தான் செய்வாங்க, அதுல தப்பே இல்லை. நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்? தாய்மாமனா. கோமங்கலம் பக்கம், சரி. பொண்ணு நர்சா இருக்குதா, நல்லதுங்க. பூங்கொடி, காபி வை. ஊர்ல இருந்து வந்திருக்காங்க.

அவனே என்கிட்ட கேக்கச் சொன்னானா?

இல்லீங்க, கொஞ்சம் ஆச்சரியமா இருக்குது, அதான். வருசக்கணக்கா என் முகத்தைப் பாத்துப் பேசாதவன். மருதமலைப் படிக்கட்டுல எதுக்க வந்தாக்கூட அந்தப் பக்கமா ஒதுங்கிப் போயிடுவான். அவன் உங்ககிட்ட, 'சென்னியப்பண்ணன்கிட்டக் கேளுங்க, அவருக்கு எல்லாம் தெரியும்'னு சொல்லியிருக்கான்னா, மனசுக்குள்ள ஒரு மரியாதை இருக்கத்தான செய்யுது. இருக்கட்டும். நான் அவனைப் பத்தி ஒரு குறை சொல்ல மாட்டனுங்க. நீங்க தைரியமாக் கேளுங்க.

கண்ணு விசயந்தான. அதைத்தான் முதல்ல கேப்பீங்கன்னு தெரியும். அவன் என்ன சொன்னான்? 'என் கவனக்குறைவுங்க'ன்னா? அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலையா? பாருங்க, அப்படிப்பட்ட பையன். கல்யாணத்துக்குன்னு மறைச்சுப் பேசறவன் இல்லை.

குடியெல்லாம் கிடையாதுங்க. அன்னிக்கும் இல்லை, என்னிக்கும் இல்லை. அதுக்கு நான் பொறுப்பு.

அப்புறம் அந்தப் பூட்டு விசயம். நீங்களும் பாத்துட்டீங்களா? வீட்டைப் பூட்டிட்டு நாலு எட்டு வெச்சுட்டு, திரும்பப் போய் இழுத்துப் பாக்கறது. கேஸ் அடுப்பை அணைச்சமா அணைக்கலையான்னு அவங்க அம்மாளைப் போட்டுப் பாடாப் படுத்துவானாம். என் சம்சாரம் பூங்கொடி சொல்லுவா. வண்டி ஓட்டறதையும் விட்டுட்டான், எங்க போனாலும் நடைதான், இல்லைன்னா பஸ்சு. 'என் கையை நான் நம்பறதில்லை'ங்கறானாம். அதெல்லாம் பிறவிக் குணம் இல்லீங்க. பைத்தியக் கூறும் இல்லை. அந்த விபத்துக்கப்புறம் ஒட்டிக்கிட்டது. அதுக்கு முன்னாடி அவன் புல்லட்டுல ஊட்டி போய்ட்டு அதே நாள் திரும்பி வர்றவன்.

முதல்ல இருந்தே சொல்றேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும்.

எங்க கம்பெனி அச்சு செய்யற கம்பெனிங்க. பெரிய கம்பெனின்னு சொல்ல முடியாது, சின்னதும் இல்லை. இந்தப் பிளாஸ்டிக் சாமான், பம்புசெட்டு மூடி இதெல்லாம் வார்க்கறதுக்கு இரும்புல அச்சு வேணுமில்லீங்களா, அந்த அச்சைக் கடைஞ்சு குடுக்கறது. முன்ன மாதிரி கையால ஓட்டற மெஷின் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர். நான் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து, இரும்பைச் சீவற கட்டர் எங்க இறங்கணும், எந்த வழியா ஓடணும், எவ்வளவு ஆழம் போகணும்னு வழி போட்டுக் குடுப்பேன். அதைத்தான் புரோகிராம்ங்கறது. நவநீதன் மெஷின்கிட்ட நின்னு அதை ஓட்டுவான். நான் சொல்றது, அவன் செய்யறது. அவனை அங்க சேத்து விட்டதே நாந்தான். அதை அவன் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான்.

இந்த ஆழக் கணக்கு இருக்குதே, அதுதான் எங்க தொழில்ல உசுரு. இந்த டம்ளரைப் பாருங்க. இதுக்குள்ள சின்னக் கரண்டியை விடறீங்க. பாதி வரைக்கும் சுகமாப் போகும். அதுக்கு மேல விட்டா, கரண்டி பிடிச்சிருக்கற உங்க கை டம்ளர் விளிம்புல இடிக்குமில்லீங்களா? அதேதான். கட்டரைப் பிடிச்சிருக்கற தலை ஒண்ணு இருக்கும், தடியா, ஹோல்டர்னு சொல்லுவோம். குட்டைக் கட்டரைப் போட்டுக் குழி வெட்டினா, ஒரு ஆழத்துக்கு மேல அந்தத் தலை குழியோட சுவத்துல மோதும். மோதினா கட்டர் முறியும். நிமிசத்துக்கு ஆயிரக்கணக்குல சுத்தற சாமான் முறிஞ்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. அதனால புரோகிராம்ல ஒரு லிமிட் போடுவோம். இந்தக் கட்டர் இதுவரைக்கும்தான் இறங்கலாம், அதோட மேல வந்து நின்னுக்கணும்னு. மீதி ஆழத்துக்கு நீளக் கட்டரை மாட்டி வெட்டணும்.

காபி எடுத்துக்குங்க. வெச்சுட்டுப் போ பூங்கொடி. ஏன், நின்னு கேளேன், உனக்குத் தெரியாததா.

அன்னிக்கு ஓடினது பம்புசெட்டு மூடிக்கான அச்சு. ரெண்டு இரும்புக் கட்டை. முதல் கட்டை அருமையா முடிஞ்சுது. குட்டைக் கட்டர் பாதி வரைக்கும் போச்சு, லிமிட்டுல நின்னுது, நவநீதன் கதவைத் திறந்து அளவு பாத்து, நீளக் கட்டரை மாட்டி மீதியை முடிச்சான். ஆனா நீளக் கட்டர் அந்த ஒரு கட்டையிலயே முனை மழுங்கிப் போச்சுங்க. புதுசுக்கு ஆர்டர் போட்டிருந்தது, வரலை. மறுநாள் காலையில ஆர்டர் குடுத்த பார்ட்டி வந்து அச்சைப் பாக்கறதா இருந்தாங்க. முதலாளி என் கண்ணாடி ரூமுக்கு வந்தார். மனுசன் ஒண்ணும் அதட்டலை. 'சென்னியப்பா, ரெண்டாவதும் இன்னிக்கு முடிஞ்சுருமா'ன்னு மட்டும் கேட்டார். 'முடிச்சுரலாமுங்க'ன்னேன். அந்த வார்த்தையைச் சொல்லத்தான அங்க நான் உட்கார்ந்திருக்கேன்? என்னால முடியாதுன்னு அந்தக் கம்பெனியில நான் சொன்னதே இல்லீங்க.

அந்தக் குழி நேர்க் குழி இல்லை. மேல வர வர விரிஞ்சுக்கிட்டே வரும். அதனால குட்டைக் கட்டரையே அடி வரைக்கும் விட்டாலும் தலை உரசாமப் போயிடும்னு என் கணக்கு. அதனால லிமிட்டை எடுத்து விட்டேன். எடுக்கறது ஒண்ணும் பெரிய வேலை இல்லை, சின்னக் கட்டத்துல ஒரு டிக் இருக்கும், அதைத் தட்டினாப் போயிடும். கம்ப்யூட்டர்லயே ஒருதடவை ஓட்டிப் பாக்கலாம், இடிச்சா செவப்பாக் காட்டும். நேரமில்லை. இத்தனை வருசத்து அனுபவத்துல மனசுலயே ஓட்டிப் பாத்துக்கறதுதான்.

அவன்கிட்டச் சொன்னேனான்னா? சொன்னதாத்தான் ஞாபகமுங்க. ரூம் வாசல்ல நின்னு, 'ரெண்டாவது கட்டைக்கு மாத்திப் போட்டிருக்கேன்'னு ஏதோ சொன்னேன். அந்த இரைச்சல்ல காதுல விழுந்துதா விழலையான்னு நான் எப்படிச் சொல்றது? தலையை ஆட்டின மாதிரி இருந்துது. நான் சாப்பிடப் போய்ட்டேன்.

அவன் என்ன பண்ணியிருக்கான்னா, முதல் கட்டை மாதிரியே இதுவும் பாதியில நிக்கும்னு நினைச்சுட்டான். நிக்கற நேரத்துக்குக் கதவைத் திறந்து, அளவு பாக்கறதுக்குத் தலையைக் குனிஞ்சுட்டான். மெஷின் ஓடறப்ப கதவைத் திறந்தாத் தானா நிக்கற மாதிரி ஒரு சுவிட்சு உண்டு. எங்க கம்பெனியில எல்லா மெஷின்லயும் அதை வேலை செய்யாதபடி அடைச்சு வெச்சிருந்தோம். அப்பப்ப காத்தடிச்சு இரும்புச் சீவலை வெளிய தள்ளணுமே, ஒவ்வொரு தடவையும் நின்னு நின்னு ஓடினா வேலை எப்ப முடியறது? எல்லா எடத்துலயும் இதான் நடைமுறை. கட்டர் மேல வர்றதுக்குப் பதிலா இன்னும் கீழ இறங்கியிருக்குது. தலை சுவத்துல மோதிருச்சு. கட்டர் ரெண்டாப் போய், ஒரு துண்டு கதவு வழியா வந்துருச்சு.

நான் சாப்பாட்டுல கை வெச்சிருக்கேன், சத்தம் கேட்டுது. கட்டர் முறியற சத்தம் எங்களுக்கெல்லாம் பழக்கம். ஆனா அதுக்கப்புறம் ஆள் சத்தமே வரலை. ஓடிப்போய்ப் பாத்தா மெஷின்கிட்டயே குத்த வெச்சு உட்கார்ந்திருக்கான். முகத்தைக் கையால பொத்தியிருக்கான். கட்டர் சூடாகாம இருக்க ஊத்தற கூலண்டுத் தண்ணி வெள்ளையா தரையில ஓடுது, அதுல ரத்தம் கலந்து ஓடுது. அவன் கத்தலைங்க. 'அண்ணா, மெஷினை நிறுத்துங்க'ன்னான். அவ்வளவுதான் சொன்னான். சுத்திட்டே இருந்துது, நாந்தான் போய் நிறுத்தினேன்.

எல்லாரும் அவனைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. முதலாளி காரு, பின்னாடி ரெண்டு பைக்கு. நான் போகலை. அதை இன்னிக்கு வரைக்கும் சிலபேர் சொல்லிக் காட்டறாங்க, கல்நெஞ்சுக்காரன்னு. யாராவது ஒருத்தர் அங்க இருக்கணுமில்லீங்களா? மெஷின்ல அந்தப் புரோகிராம் அப்படியே கிடக்குது. அடுத்த ஷிஃப்ட்டுக்காரன் வந்து, தெரியாத்தனமா வேற கட்டரை மாட்டி ஸ்டார்ட் பண்ணிட்டான்னா? இன்னொரு உசுருக்கு யார் பதில் சொல்றது? அதனால நான் ரூமுக்குப் போய், முதல் காரியமா லிமிட்டைத் திரும்பப் போட்டேன். மெஷின்லயும் பழசை அழிச்சுட்டுப் புதுசை ஏத்தினேன். அது ஒரு பொறுப்புங்க. ரத்தத்தைப் பாத்துட்டு எல்லாரும் ஓடறப்ப, ஒருத்தன் நின்னு செய்யணும்.

வலது கண்ணு போச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் கொண்டு போனாங்க, ஒண்ணும் பண்ண முடியலை.

அப்புறம் விசாரணைன்னு ஒண்ணு வெச்சாங்க. வெளிய இருந்து ஒரு இஞ்சினியரைக் கூட்டிட்டு வந்து மெஷினைப் பாத்தாங்க, புரோகிராமைப் பாத்தாங்க. எல்லாம் சரியா இருந்துது. லிமிட் இருக்கு, பாதியில நிக்குது. அப்ப ஏன் இடிச்சுது? புரோகிராம் சரியா இருந்தும் இடிச்சிருக்குதுன்னா, ஆபரேட்டர் கட்டரோட நீளத்தை மெஷினுக்குத் தப்பாச் சொல்லியிருக்கணும். கட்டரை மாட்டினதும் நீளத்தை அளந்து நம்பர் போடறது ஆபரேட்டர் வேலை. அதைத் தப்பாப் போட்டா மெஷின் தன் பாட்டுக்கு ஆழமாப் போகும். இப்படித்தான் அந்த இஞ்சினியர் எழுதிட்டுப் போனார். நான் ஒரு வார்த்தை சொல்லலீங்க. அவன் மேல நான் பழி போட்டேன்னு ஒருத்தன் சொல்லட்டும் பாக்கலாம். 'ஓடற மெஷின்ல கதவைத் திறந்தது யாரு'ன்னு கேட்டாங்க, 'நவநீதன்'னேன். அது உண்மைதான?

கம்பெனியில அவனுக்கு ஒண்ணும் பெருசாச் செய்யலை. ஆபரேட்டர் தப்புன்னு எழுதிட்டா அப்படித்தான். கேட்டுல உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதற வேலை குடுத்தாங்க. கொஞ்சநாள் வந்தான், அப்புறம் அவனா நின்னுட்டான்.

நிக்கறதுக்கு முன்னாடி ஒருநாள் என் ரூமுக்கு வந்தான். அதை நான் உங்களுக்குச் சொல்லியே ஆகணும், ஏன்னா அவன் எப்பேர்ப்பட்டவன்னு அதுல தெரியும். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். உட்காருன்னேன், உட்காரலை. 'அண்ணா, அந்தப் புரோகிராமை ஒருதடவை திறந்து காட்டுங்க'ன்னான். வேற ஒருத்தனா இருந்தா, உனக்கெதுக்கு அதெல்லாம்னு விரட்டியிருப்பான். நான் திறந்து காட்டினேன். ஸ்க்ரீன்கிட்டக் குனிஞ்சு பாத்தான். ஒத்தைக் கண்ணுல பாக்கறதால தலையைச் சாய்ச்சுத்தான் பாக்க முடிஞ்சுது. லிமிட் போட்டிருக்கற அந்தக் கட்டத்தையே பாத்துட்டு இருந்தான். ரொம்ப நேரம். அப்புறம் நிமிந்தான். 'சரிங்கண்ணா. அப்ப நாந்தான் நீளத்தைத் தப்பாப் போட்டிருக்கேன். ரெண்டு தடவை அளந்தேன்னு நினைச்சிட்டிருந்தேன்'னான்.

அவன் வாயாலயே சொன்னானுங்க. யாரும் கேக்கலை. அவனாச் சொன்னான்.

நான் அவன் தோள்ல தட்டி, 'விடு தம்பி, மனுசனுக்குத் தப்பு நடக்கறதுதான்'னேன். அதுக்குமேல ஒரு மனுசன் என்ன பண்ண முடியும்? ஆறுதலாத்தான சொன்னேன்? அதுக்கப்புறம் என்னைக் கண்டா ஒதுங்கறான். அவன் தங்கச்சி கல்யாணத்துக்குக் கம்பெனியில எல்லாருக்கும் பத்திரிகை வெச்சான், எனக்கு வெக்கலை. பூங்கொடி தீபாவளிக்குப் பலகாரம் குடுத்து விட்டா, பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்பிச்சாங்க, அவ்வளவுதான், ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு மனசுல அது இருக்கத்தான் செய்யுது. அவங்க அம்மா ஒருதடவை இவகிட்டச் சொல்லுச்சாம், 'அண்ணனைப் பாத்தா அவனுக்கு வெக்கமா இருக்குது, அவர் சேத்துவிட்ட வேலையில இப்படிப் பண்ணிட்டமேன்னு கூசறான்'னு. இதுல என்னங்க வெக்கம்? நான் ஒருநாளும் அவனைக் குத்திக் காட்டினதில்லையே.

அதனால தாராளமாக் குடுக்கலாமுங்க. இப்ப பனியன் கம்பெனியில டப்பா எண்ணி அடுக்கற வேலைக்குப் போறான். ஒழுங்கானவன். கவனக்குறைவுன்னு அவனே சொல்றானேன்னு நீங்க பயப்பட வேண்டியதில்லை. அவனை விடக் கவனமா வேலை பாத்த பையனை நான் பாத்ததில்லை. நீளமெல்லாம் அன்னிக்கும் சரியாத்தான் போட்டிருப்பான். அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. என்னிக்குமே இருந்ததில்லை.

என்ன பாக்கறீங்க?

தெரியாதுங்க. லிமிட்டை நான் திரும்பப் போட்டது அவனுக்கு எப்படித் தெரியும்? அப்ப அவன் ஆஸ்பத்திரியில கிடந்தான். சொல்ற மாதிரி ஒரு சந்தர்ப்பம் வரலை. காட்டுன்னான், காட்டினேன். எப்ப மாத்தினீங்கன்னு அவன் கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?

நீ ஏன் பூங்கொடி இப்படிப் பாக்கற? உன்கிட்டச் சொல்லாம இருந்தனா என்ன? கம்பெனி விசயம் ஒண்ணொண்ணையும் வீட்டுல வந்து ஒப்பிச்சிட்டா இருக்க முடியும்?

நீங்க நினைக்கற மாதிரி இல்லீங்க. நீங்க வெளிய இருந்து பாக்கறீங்க. கதவு மூடியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது, கட்டர் போயிருக்கும், அவ்வளவுதான். சுவிட்சை அடைச்சது நான் இல்லை. கட்டர் வராதது என் தப்பு இல்லை. நாளைக்கே வேணும்னு சொன்னது நான் இல்லை. இதுல எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு டிக்கைப் பிடிச்சுட்டுப் பேசினா எப்படி? எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது. அன்னிக்கு என் பேரை எழுதியிருந்தா நான் எந்த கேட்டுல போய் உட்கார்ந்திருப்பேன்?

அவன்கிட்டச் சொல்றதா? எதுக்குங்க? இத்தனை வருசம் கழிச்சு? கண்ணு திரும்ப வரப்போகுதா? அவன் ஒரு மாதிரி ஒத்துக்கிட்டு, மனசை ஆத்திக்கிட்டு, ஒரு வேலைன்னு போய்ட்டு வர்றான். அதைக் கலைக்கறது பாவமில்லீங்களா? பொண்ணைக் குடுக்கறீங்களா, சந்தோசமாக் குடுங்க. நல்ல பையன்னு நானே சொல்லிட்டேனே, அது போதாதா?

யாருக்குப் போன் பண்றீங்க?

அவன் உங்க கூடத்தான் வந்தானா? பேக்கரி முக்குலயா நிக்கிறான்? அப்பவே சொல்லக் கூடாதுங்களா, உள்ள கூப்பிட்டிருப்பேனே. இல்ல, இப்ப வேண்டாம். இன்னொரு நாள் நானே அவன் வீட்டுக்குப் போய்ப் பாக்கறேன். நிதானமாப் பேசறேன். போனை வெச்சிருங்க. உங்க தங்கச்சி பொண்ணு விசயம் பேச வந்துட்டு, இது எதுக்குங்க.

பூங்கொடி, நீ இரு. கேட்டை நான் போய்த் திறக்கறேன். பூங்கொடி.

திறந்துட்டா.

அவ்வளவு சீக்கிரம் வந்துட்டானா. நான் பாத்து எத்தனை நாளாச்சு. இளைச்சுப் போய்ட்டான். செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, திரும்பக் குனிஞ்சு நேரா வெக்கிறான் பாருங்க. நீங்க சொல்றீங்களா? ஏனுங்க, வாயைத் திறங்க. நீங்கதான கூப்பிட்டீங்க. ஏன் என்னையே பாக்கறீங்க?

வா நவநீதா, வா. உட்காரு. ஒண்ணுமில்லை, சும்மாத்தான் பேசிட்டிருந்தோம். மாமா உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம்.